விலை ஏறும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்: விற்கலாமா, வைத்துக்கொள்ளலாமா?

சாதாரண கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி வராது. ஷோரூமை விட்டு வெளியே வந்த நிமிடத்திலிருந்து அதன் விலை இறங்கத் தொடங்கும். பத்து வருடம் ஓட்டிவிட்டு, வந்த விலைக்குத் தள்ளிவிட்டால் கதை முடிந்தது. சில ஸ்போர்ட்ஸ் கார்கள் மட்டும் இந்த வழக்கத்துக்கு அடங்குவதில்லை. அவற்றின் விலை ஒரு கட்டத்தில் தரைதட்டி நிற்கிறது, சில வருடம் அப்படியே கிடக்கிறது, அப்புறம் மெல்ல ஏறத் தொடங்குகிறது. ஒரு நாள் எதேச்சையாக ஒரு விளம்பரத்தைப் பார்க்கும்போதுதான் உரிமையாளருக்கே விஷயம் தெரிகிறது: ஷெட்டில் உறை போட்டு மூடி வைத்திருக்கும் கார், தான் கொடுத்ததைப்போல் இரண்டு மடங்குக்குப் போகிறது!

அன்றிலிருந்து தூக்கம் கெடும். இப்போதே விற்றுவிடலாமா? இன்னும் ஏறினால்? நாளைக்கே இறங்கினால்?

இந்தக் கேள்வியை எப்படி அணுகுவது என்று, பழைய கார் சந்தை பழக்கமில்லாதவர்களுக்காக எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "விலை ஏறுகிறது" என்பது விற்பதற்கும் காரணமல்ல, வைத்துக்கொள்வதற்கும் காரணமல்ல. அந்த காரை வைத்திருப்பதற்காக ஒவ்வொரு வருடமும் நீங்கள் உங்களுக்கே தெரியாமல் ஒரு வாடகை கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்த வாடகை எவ்வளவு, அதற்கு ஈடாக என்ன கிடைக்கிறது என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும்.

ஏன் ஏறுகிறது?

அரிதாக இருப்பதால்தான் விலை ஏறுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. 1961-ல் ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமான ஜாகுவார் இ-டைப் 70,000-க்கு மேல் தயாரானது. அதை அரிய கார் என்று சொல்லவே முடியாது. ஆனாலும் அதற்கு எப்போதும் ஆள் இருக்கிறது. நூறு கூடத் தயாரிக்கப்படாத எத்தனையோ கார்களை இன்று யாரும் சீண்டுவதில்லை. எண்ணிக்கை குறைவாக இருந்தால் மட்டும் போதாது, அந்த காரை ஏங்கித் தேடும் ஆட்கள் வேண்டும்.

அந்த ஆட்கள் யார்? பெரும்பாலும் பதினைந்து வயதில் அந்த காரின் படத்தைச் சுவரில் ஒட்டிவைத்திருந்து, நாற்பத்தைந்து ஐம்பது வயதில் கையில் பணம் சேர்ந்தவர்கள். சந்தையில் இந்தத் தலைமுறைக் கணக்கு பெரிய விஷயம். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய பல கார்களுக்கு முன்பிருந்த கிராக்கி குறைந்ததற்கும், 1980, 90-களின் கார்கள் மேலே வந்ததற்கும் இது முக்கியக் காரணம். உங்கள் காரை இளமையில் கனவு கண்டவர்களுக்கு இப்போது என்ன வயது என்று யோசித்துப் பாருங்கள். நாற்பது என்றால் இன்னும் காலம் இருக்கிறது. எழுபத்தைந்து என்றால் கொஞ்சம் கவலைப்படலாம்.

ஒரு வகைக் காரே நின்றுபோவதாலும் விலை ஏறும். போர்ஷே 911 நல்ல உதாரணம். 1963-ல் 901 என்ற பெயரில் பிராங்பர்ட்டில் காட்டப்பட்டது. நடுவில் பூஜ்யம் வரும் மூன்று இலக்கப் பெயர்கள் எங்களுடையவை என்று பிரெஞ்சு கார் நிறுவனமான பெஜோ ஆட்சேபிக்க, 911 ஆனது. காற்றாலேயே என்ஜினைக் குளிர்விக்கும் அமைப்பு 1998 வரை தொடர்ந்தது. பிறகு தண்ணீருக்கு மாறினார்கள். "இனி இந்த வகை வராது" என்று ஆனவுடன் பழையவை எல்லாம் ஒரு தனிக் கூட்டமாகிவிட்டன. அப்படியும் உடனே விலை ஏறிவிடவில்லை. 1990-களின் கடைசியில் சாதாரண 911 வெறும் பழைய கார்தான். 2010-களில்தான் ஏற்றம் வந்தது. அதற்கு முன்பே பொறுமையிழந்து விற்றவர்கள் ஏராளம்.

சட்டமும் விலையை ஏற்றும். 25 வயதான வெளிநாட்டு காரை, அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளுக்குப் பொருந்தாவிட்டாலும் இறக்குமதி செய்யலாம் என்பது அங்குள்ள விதி. 1989-ல் வந்த நிஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆர், அதாவது ஆர்32, அதனால்தான் 2014-லிருந்து அமெரிக்காவுக்குப் போக ஆரம்பித்தது. ஒரு பெரிய சந்தையின் கதவு ஒரே நாளில் திறந்தால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை. இந்த வகை ஏற்றத்தில் ஒரு வசதி உண்டு, தேதி முன்கூட்டியே தெரியும். சிக்கலும் அதுதான். உங்களுக்குத் தெரிந்த தேதி எல்லோருக்கும் தெரியும், அதனால் விலை அதற்கு முன்பே ஏறிவிடும்.

ஏறியது இறங்கவும் செய்யும்

ஃபெராரி நிறுவனத்தைத் தொடங்கிய என்சோ ஃபெராரி 1988 ஆகஸ்டில் இறந்தார். ஏற்கெனவே சூடாக இருந்த சந்தை கொதிக்க ஆரம்பித்தது. காரைக் கண்ணால் பார்க்காமலே வாங்கி, சில மாதத்தில் கைமாற்றி லாபம் பார்த்த காலம் அது. 1990-க்குப் பிறகு அந்த விலைக் குமிழி உடைந்தது. 1962 முதல் 64 வரை வெறும் 36 தயாரிக்கப்பட்ட ஃபெராரி 250 ஜிடிஓ, 1989-ல் ஒரு கோடி டாலரைத் தாண்டி விலை போயிருந்தது. 1990-களின் நடுவில் அதே மாடல் அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கைமாறியது. உச்சத்தில் கடன் வாங்கி வாங்கியவர்களின் நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

பிறகு? 2018-ல் அமெரிக்காவின் மான்டெரே ஏலத்தில் ஒரு 250 ஜிடிஓ 4.84 கோடி டாலருக்குப் போனது. 2023-ல் நியூயார்க்கில் இன்னொன்று 5.17 கோடி டாலருக்கு.

"பார்த்தீர்களா, கடைசியில் ஏறிவிட்டதே" என்று இதைப் படித்துத் தெம்படையலாம். நான் அப்படிப் படிக்கமாட்டேன். நடுவில் கால் நூற்றாண்டுக்கு மேல் போயிருக்கிறது. அந்த இடைவெளியைப் பணத் தேவை இல்லாமல் கடக்க முடிந்தவருக்குத்தான் அந்த ஏற்றம். பாதியில் மகளின் திருமணமோ, மருத்துவமனைச் செலவோ, தொழில் நஷ்டமோ வந்தவர் கிடைத்த விலைக்குத்தான் விற்றிருப்பார். எனவே "விலை எங்கே போகும்?" என்று கேட்பதைவிட, "இறங்கினால் எத்தனை வருடம் என்னால் காத்திருக்க முடியும்?" என்று கேட்பது பயனுள்ளது. முதல் கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. இரண்டாவதற்கு உங்களிடம் இருக்கிறது.

யானைக்குத் தீனி

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். பழைய கார் உலகில் இது அப்படியே பொருந்தும். 1954-ஆம் வருடத்து ஃபெராரி 500 மோன்டியால் ஒன்று, பந்தய விபத்தில் எரிந்து, நசுங்கிய தகரக் குவியலாக 2023-ல் ஏலத்துக்கு வந்தது. 18 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கினார்கள். ஆனால் பழமொழியில் சொல்லாமல் விட்ட விஷயம் ஒன்று உண்டு. யானைக்குத் தினமும் தீனி போடவேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு. நாணயம் எதுவானாலும் சரி, வாங்கிய விலையை 100 என்று வைத்துக்கொள்வோம். பத்து வருடம் கழித்து 180-க்குப் போகிறது. லாபம் 80 என்று மனம் துள்ளும். வருடத்துக்கு சுமார் 6 சதவீதம்.

இப்போது தீனியைக் கழிப்போம். காப்பீடு, நிறுத்த இடம், சர்வீஸ், டயர், அவ்வப்போது ஏதாவது ஒரு சில்லறை வேலை. எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 3 என்று வைத்தால் பத்து வருடத்தில் 30. விற்கும்போது தரகு, விளம்பரம், கொண்டுபோகும் செலவு எல்லாம் பத்து சதவீதம் என்றால் 18 போகும். கையில் 162. அதில் செலவழித்த 30-ஐக் கழித்தால் 132. உண்மையான லாபம் 80 அல்ல, 32. வருடத்துக்கு மூன்று சதவீதம்கூடத் தேறவில்லை. நடுவில் என்ஜினை ஒருமுறை பிரித்து வேலை பார்த்திருந்தால் அந்த 32-ம் கரைந்திருக்கும். பில்களை எல்லாம் ஒரு ஃபைலில் போட்டு வைத்திருப்பவர்கள்கூட அவற்றைக் கூட்டிப் பார்ப்பதில்லை. தெரிந்தே பார்ப்பதில்லை என்பது என் சந்தேகம்.

வரியும் இருக்கிறது, அது நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் தனிப்பட்ட உபயோகத்துக்கான பயணிகள் காரை விற்றுக் கிடைக்கும் லாபத்துக்கு மூலதன ஆதாய வரி கிடையாது. அமெரிக்காவில் இத்தகைய கார் சேகரிப்புப் பொருள் என்ற கணக்கில் வரலாம். ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்தில் 28 சதவீதம் வரை போகலாம். உங்கள் ஊர் விதியை ஒரு கணக்காளரிடம் கேட்டுக்கொண்டு, விற்ற விலையை அல்ல, எல்லாம் போகக் கையில் நிற்கும் தொகையை வைத்து யோசியுங்கள்.

ஒரு நாள் வாடகை

போனதெல்லாம் போகட்டும். முடிவு எடுக்கவேண்டியது இன்றைய நிலையை வைத்துத்தான். இன்று விற்றால் கையில் 162 வரும். அதை வேறு இடத்தில் போட்டால் வருடத்துக்கு 6 சதவீதம் கிடைக்கும் என்று வைப்போம். அதாவது ஏறக்குறைய 10. காரை வைத்திருந்தால் அந்த 10 வராது. கூடவே தீனி. மதிப்பு ஏறியதால் காப்பீடும் ஏறியிருக்கும், எனவே இப்போது 4. மொத்தம் 14. இதுதான் நான் முதலில் சொன்ன வாடகை.

இந்த வருடம் காரின் விலை 9 ஏறினால் வாடகை 5 ஆகக் குறையும். விலை நின்ற இடத்திலேயே நின்றால் 14. விலை 9 இறங்கினால் 23. இப்போது கடந்த வருடம் அந்த காரை எத்தனை நாள் வெளியே எடுத்தீர்கள் என்று எண்ணுங்கள். பத்து நாள் என்றால், விலை நின்றுபோன வருடத்தில் ஒரு நாள் சவாரிக்கு 1.4 செலவு. வாங்கிய விலையில் ஒன்றரை சதவீதம் என்று சொல்லலாம். அந்தத் தொகையை உங்கள் பணத்தில் எழுதிப் பாருங்கள். "அடேயப்பா, ஆனாலும் தகும்" என்று தோன்றினால் வைத்துக்கொள்ளுங்கள். வருடத்தில் இரண்டே நாள் எடுத்தவர்களுக்கு இந்த எண் நெஞ்சை அடைக்கும்.

இங்கே ஒரு விசித்திரமான வலை இருக்கிறது. விலை ஏற ஏற, காரை வெளியே எடுக்க மனம் வராது. மழையில் நனையக்கூடாது, யாராவது கீறிவிடுவார்கள், ஓடோமீட்டரில் எண் கூடினால் மதிப்பு குறையும். ஓட்டுவதற்காக வாங்கிய கார், பார்த்துப் பயப்படுவதற்கான கார் ஆகிவிடுகிறது. வாடகை கூடுகிறது, சவாரி குறைகிறது. ஓட்டாமல் நிறுத்தினால் காப்பாற்றிவிடலாம் என்பதும் சரியல்ல. ரப்பர் சீல்கள் காய்ந்து எண்ணெய் ஒழுகும். பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து உள்ளே துருப்பிடிக்க வைக்கும். கார்புரேட்டரில் பழைய பெட்ரோல் பிசின்போல ஒட்டிக்கொள்ளும். டயரில் கட்டை தேயாமல் இருந்தாலும் ரப்பர் கிழடாகிவிடும். டயர் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 3214 என்றிருந்தால் 2014-ஆம் ஆண்டின் 32-வது வாரத்தில் செய்தது. அதில் வேகமாகப் போகாதீர்கள்.

என் அபிப்பிராயம்: பயத்தால் ஓட்டாமல் நிறுத்தி ஒரு வருடம் ஆகிவிட்டதென்றால், விற்பதைப் பற்றி நிஜமாகவே யோசிக்கும் நேரம் வந்துவிட்டது.

கைப்பொருள் மயக்கம்

ரிச்சர்ட் தேலர் என்ற பொருளாதார அறிஞர், 2017-ல் நோபல் பரிசு பெற்றவர், மாணவராக இருந்த காலத்தில் ஒரு விஷயத்தைக் கவனித்தார். மது சேகரிக்கும் ஒரு பொருளாதாரப் பேராசிரியர் எந்தப் புட்டிக்கும் 35 டாலருக்கு மேல் கொடுக்கமாட்டார். ஆனால் தன்னிடம் உள்ள புட்டியை 100 டாலருக்குக் கேட்டாலும் விற்கமாட்டார். ஒரே பொருள்தான். கையில் இருக்கும்போது மட்டும் மனக்கணக்கில் அதன் விலை கூடிவிடுகிறது. இதை உடைமை விளைவு என்று சொல்லலாம்.

கார் விஷயத்தில் இதற்கு மருந்தாக ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளலாம். காரே இல்லை, 162 ரொக்கமாகக் கையில் இருக்கிறது. இன்றைக்குப் போய் இதே காரை அந்த விலைக்கு வாங்குவீர்களா? வாங்கமாட்டேன் என்றால், வைத்திருப்பதற்குப் பழக்கத்தைத் தவிர என்ன காரணம்?

இந்தக் கேள்வியை நான் முழுவதாக நம்புவதில்லை. இரண்டு இடத்தில் அது தவறும். அப்பா ஓட்டிய கார், முதல் சம்பளம் சேர்த்து வாங்கிய கார் போன்றவற்றை சந்தையில் மறுபடி வாங்கவே முடியாது. அவற்றுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, போடவும் வேண்டாம். இரண்டாவது, விற்றபின் மனம் மாறினால் பழைய காரை அதே விலைக்குத் திரும்ப வாங்க முடியாது. உங்கள் காரின் எந்தக் கதவு எப்படிக் கிறீச்சிடும் என்று உங்களுக்குத் தெரியும். சந்தையிலிருந்து புதிதாக வரும் காரின் ரகசியங்களைக் கண்டுபிடிக்க இரண்டு வருடமும் ஒரு பெரிய பில்லும் ஆகும். அதனால் தராசு நடுவில் நின்றால் விற்காமல் இருப்பதே மேல்.

தராசு பார்க்கவே தேவையில்லாத நிலைமைகளும் உண்டு. சொத்தில் பாதி ஒரே ஷெட்டில் நிற்கிறது, வட்டிக் கடன் ஓடிக்கொண்டிருக்கிறது, இந்த காரைத் தொடத் தெரிந்த ஒரே மெக்கானிக் ஓய்வு பெறப்போகிறார், வீட்டில் அடுத்த தலைமுறைக்கு ஆர்வமே இல்லை. இதில் இரண்டு பொருந்தினால் விற்றுவிடலாம்.

உங்கள் கார் எந்தக் கார்?

"இந்த மாடல் இவ்வளவு போகிறது" என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரே மாடலில் இரண்டு கார்களின் விலை ஒன்றுக்கு இரண்டாக மாறலாம். தொழிற்சாலையில் பொருத்திய அதே என்ஜின் இன்றும் இருக்கிறதா என்பதை சேசிஸ், அதாவது அடிச்சட்டத்தின் எண்ணையும் என்ஜின் எண்ணையும் தொழிற்சாலைப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பொருந்தினால் விலை ஒரு படி மேலே. முதல் உரிமையாளரிலிருந்து தொடர்ச்சியான ஆவணம், சர்வீஸ் பில்கள், வண்டியோடு வந்த டூல் பை, கையேடு எல்லாவற்றுக்கும் மதிப்பு உண்டு. பெயிண்ட் மங்கியிருந்தாலும் அசலாக இருந்தால் அதைத்தான் விரும்புகிறவர்கள் இப்போது அதிகம். அதனால் விற்பதற்கு முன் பளபளவென்று புதுப் பெயிண்ட் அடித்துக் காசையும் மதிப்பையும் சேர்த்து இழக்காதீர்கள். துரு வேறு விஷயம், அதை மறைக்கவே கூடாது.

விலையைத் தெரிந்துகொள்ள விளம்பரங்களைப் பார்க்காதீர்கள். அதிலிருப்பது கேட்கும் விலை. ஆசைக்கு அளவேது? முடிந்த விற்பனைகளைப் பாருங்கள். ஏல முடிவுகளிலும் கவனம் வேண்டும். செய்தியில் வரும் தொகையில் வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குக் கட்டும் கட்டணமும் சேர்ந்திருக்கும், அது விற்பவர் கைக்கு வராது. விற்பவர் வைத்த குறைந்தபட்ச விலையைத் தொடாமல் திரும்பிப்போன கார்கள் செய்தியாவதும் இல்லை. 2022-ல் மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர் ஊலன்ஹாட் கூப்பே 13.5 கோடி யூரோவுக்கு விலைபோனதே என்றால், அது மொத்தம் இரண்டே இரண்டு செய்த கார். அந்தச் செய்திக்கும் உங்கள் ஷெட்டுக்கும் சம்பந்தமில்லை.

வைத்துக்கொள்வது என்று முடிவானால் முதல் வேலை காப்பீடு. சாதாரண பாலிசியில் கார் போனால் பழைய காருக்கான மதிப்பைக் கொடுப்பார்கள். மதிப்பை முன்கூட்டியே இருதரப்பும் ஒப்புக்கொண்டு எழுதும் பாலிசிகள் உண்டு. அதற்கு மாறி, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மதிப்பைத் திருத்துங்கள்.

விற்பது, வைப்பது இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியும் இருக்கிறது. இந்த விவாதங்களில் அது ஏனோ கடைசியில்தான் நினைவுக்கு வரும். எண்கள் எல்லாம் பொருந்திய, அசல் பெயிண்ட் உள்ள, தொடவே பயமாக இருக்கும் காரை விற்றுவிட்டு, அதே மாடலில் என்ஜின் மாற்றப்பட்ட, எப்போதோ ஒருமுறை முழுதாகப் பெயிண்ட் அடித்த ஒன்றை வாங்கலாம். ஸ்டியரிங்கின் கனம் அதேதான், சத்தமும் ஏறக்குறைய அதேதான். சேகரிப்பாளர்கள் சீண்டாததால் விலை குறைவு, மழை வந்தாலும் பதறவேண்டாம். அப்படி வாங்கும்போது சேசிஸில் துரு இருக்கிறதா என்று மட்டும் லிஃப்டில் ஏற்றிக் கீழேயிருந்து பார்த்துவிடுங்கள். என்ஜினை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், துருவேறிய சேசிஸை அப்படிச் செய்ய முடியாது.